மரை போன மோட்டார்

என் அப்பாவுக்குக் கால்கள் உண்டு என்பதை எட்டு வயதில்தான் நான் நேரில் உறுதி செய்துகொண்டேன். அதற்கு முன்பும் அவர் வந்துபோயிருக்கிறார். ஆனால் அப்போது நான் கைக்குழந்தையாகவோ, எதிரே யார் வந்தாலும் வீறிட்டு அழும் பருவத்திலோ இருந்ததால் அந்த வருகைகள் எதுவும் என் கணக்கில் சேரவில்லை. எனக்குத் தெரிந்த அப்பா நெஞ்சுக்கு மேலே மட்டும் இருப்பவர். வெளிநாட்டில் வேலை பார்த்த அவர் வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் போனில் வருவார். பின்னால் ஓர் இரும்புக் கட்டில் தெரியும், அதன் கம்பியில் யாருடைய பனியனாவது காய்ந்துகொண்டிருக்கும்.

"சாப்பிட்டியா தாயி?"

"சாப்பிட்டேம்ப்பா."

"நல்லா படிக்கியா?"

"படிக்கேம்ப்பா."

கடைசியில் முத்தம் கேட்பார். போனின் கண்ணாடியில் உதட்டை அழுத்தி ஒன்று கொடுப்பேன். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து வாங்கிக்கொள்வாள். அத்தோடு அந்த வாரத்துக்கான என் கடமை முடிந்துவிடும், விளையாட ஓடிவிடுவேன்.

மற்ற நாட்களுக்கு எனக்கு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு விசைத்தறிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த பக்கத்தில் தறிச் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், நின்றால்தான் வாசலுக்கு வந்து என்ன ஏது என்று விசாரிப்பார்கள். நின்ற தறியை மறுபடி ஓடவைப்பவர் என்பதால் மாமாவுக்கு ஏக மரியாதை. எந்தத் தறியில் எந்தத் துளையில் உள்ளே சுற்றிச்சுற்றிப் போகும் மரை தேய்ந்து திருகாணி கவ்வாமல் போனாலும், சாவி மாதிரி ஒரு கருவியைக் கொண்டு அந்தத் துளையில் புதிதாக மரை வெட்டி, புதுத் திருகாணி போட்டு, "இனி ஓட்டுங்க அண்ணாச்சி" என்று எழுந்துவிடுவார். இதை நான் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

எனக்குக் காது குத்தியது அவர் மடியில். பள்ளிக்கூடம் போனது அவர் மொபெட்டில். செருப்பு வார் அறுந்தாலும், பொம்மையின் கை கழன்றாலும், கணக்கு டீச்சர் திட்டினாலும் வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குத்தான் போவேன். கணக்கு டீச்சரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சரிசெய்து கொடுத்துவிடுவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஓர் ஆடி மாதத்துக்குச் சற்று முன்னால், அப்பா முழுசாக வந்து இறங்கினார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே போய்க் காரில் அழைத்து வந்தவர் மாமாதான். கார் தெருவுக்குள் நுழைந்தபோது அதன் தலையில் கயிறு கட்டிய பெட்டிகள் இருந்தன. பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிய ஆள் நான் நினைத்திருந்ததைவிடக் குட்டை. போனில் பெரிய தலையாகத் தெரிந்ததால் உடம்பும் அதற்குத் தக்கபடி இருக்கும் என்று எண்ணியிருந்தேன் போலிருக்கிறது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் குனிந்தார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, மறுபக்கம் இறங்கிய மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

நீட்டிய கைகளை அப்பா உடனே இறக்கவில்லை. பிறகு அந்தக் கைகளாலேயே பெட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

"கூச்சம். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றாள் அம்மா, யாரும் எதுவும் கேட்காமலேயே.

ரெண்டு நாளில் சரியாகவில்லை. போனில் தண்ணீர் பட்டபாடாக வந்த 'அப்பா' என்ற வார்த்தை நேரில் வாயைவிட்டு வரவே மாட்டேன் என்றது. அம்மா சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அனுப்புவாள். நான் போய் அவர் எதிரே நின்று, சுவரைப் பார்த்து, "சோறு எடுத்து வச்சாச்சாம்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு வருவேன். வீட்டில் ஒரு புது ஆள் நடமாடுகிறார், குளித்துவிட்டுப் போனால் வாசனை சோப்பு மணம் அடிக்கிறது, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துக்கொள்ளப் பார்க்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது என்பதுதான் உண்மை.

அவருக்கு என்ன வந்தது என்பதை ஒரு நாள் மதியம் அடுக்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அம்மா தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் அவர் குரல் நன்றாகவே கேட்டது.

"ஆடித்தபசு முடிஞ்ச வாரம் டிக்கெட்டு. அதுக்குள்ள எங்கூட ஒட்டிக்கிடுவாளா?"

"ஒட்டாம எங்க போவா? சும்மா கெடங்க."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

நான் சத்தம் போடாமல் நழுவித் தெருவுக்குப் போனேன். ஒட்டுவது என்றால் பசை போட்டு ஒட்டுவதுதான் அப்போது எனக்குத் தெரியும். என்னை எதனோடு ஒட்டப் பார்க்கிறார்கள் என்று பயமாகக்கூட இருந்தது.

அவர் வந்து இறங்கிய காரைத் தவிர இன்னொரு காரும் இருந்தது. அது எனக்கென்று அவர் கொண்டுவந்தது. என்ன வேண்டும் என்று முன்பு போனில் கேட்டபோது, கார் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். மழைக்காலத்தில் மாமாவின் மொபெட்டில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போக முடியவில்லை, ஆகவே நான் கேட்டது உண்மையான கார். அப்பா தன் சக்திக்கு உட்பட்டு ஒரு ரிமோட் கார் வாங்கிவந்திருந்தார். ஆனால் அது கடைத்தெருவில் தொங்கும் பிளாஸ்டிக் சாமான் இல்லை. சிவப்பு நிறம், தூக்கினால் கை வலிக்கும் கனம், முரட்டு ரப்பர் டயர், துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு சின்னச் சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் ரிமோட். விசையை அழுத்தினால் ஆடிக்காற்றில் புழுதி பறக்கிற தெருவில் அதுவும் ஒரு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். ஆடுகள் சிதறி ஓடும். "பொட்டப்பிள்ளைக்கு யாராச்சும் கார் வாங்கிட்டு வருவாவளா?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அத்தையே ஒரு தடவை ரிமோட்டை வாங்கி ஓட்டிப் பார்த்து, சாக்கடைக்குள் விட்டாள்.

நான் காரை ஏற்றுக்கொண்டேன், கொண்டுவந்தவரை ஏற்றுக்கொள்ளவில்லை. தெருவில் நான் ஓட்டும்போது அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கார் அவர் காலருகே வந்தால் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்குக் கொடியேறி ஊரில் கூட்டம் வரத் தொடங்கியிருந்த சமயத்தில் கார் சீக்கில் விழுந்தது. விசையை அழுத்தினால் உள்ளே கரகர என்று சத்தம் வந்ததே தவிரச் சக்கரம் சுற்றவில்லை. வழக்கம்போல அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினேன். அம்மா வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"அப்பா வீட்ல இருக்கும்போது அங்கன எங்கட்டி போற? அப்பாட்ட குடு."

கொடுத்தேன். அவரிடம் நானாகப் போய் ஒரு பொருளைக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கைகழுவினார். கூடத்தில் ஒரு துண்டை விரித்து, திருப்புளியை எடுத்துவைத்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நிற்பவர் மாதிரிக் காரை மல்லாத்தினார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பழுது பெரிதில்லை. உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார். அதன் முகத்தில் இரண்டு சின்னத் துளைகள். அவற்றில் இரண்டு சின்னத் திருகாணிகளைப் போட்டு மோட்டாரைக் காரோடு பிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஓடின ஓட்டத்தில் அவை தளர்ந்து, மோட்டார் நகர்ந்து, அதன் பல்சக்கரம் அடுத்த பல்சக்கரத்தில் சரியாகக் கவ்வாமல் அரைத்துக்கொண்டிருந்தது. திருகாணிகளை இறுக்கினால் போதும்.

இறுக்குவது அப்பாவின் தொழில். அங்கே பெரிய ஆலைகளில் குழாய்களை இணைப்பதுதான் அவர் வேலை. ஆள் உயர ரெஞ்சைப் போட்டு, இரண்டு பேர் தொங்கி முறுக்குவார்களாம். இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் நீராவி பீறிட்டு ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முறுக்கு என்றால், இனிமேல் முறுக்க முடியாது என்கிறவரை முறுக்குவது மட்டுமே அவர் கைக்குப் பழக்கம். தன் பிள்ளையின் கார் இன்னொரு தடவை தளரவே கூடாது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

திருகாணி திரும்பியது, திரும்பியது, நின்றது, பிறகு சட்டென்று லேசாகிச் சும்மா சுற்றியது. துளைக்குள்ளே மரை முழுக்க வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பா இரண்டாவதற்குப் போனார். முதலாவது போய்விட்டதால் முழு பாரத்தையும் இதுதான் தாங்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை இன்னும் பலமாக முறுக்கினார். அதுவும் போயிற்று.

"ஒண்ணுமில்ல தாயி. ஒரு நிமிசம்" என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. அத்தனை காற்றில் அவருக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு நிமிடம் நான்கைந்து நாள் நீண்டது. கடைத்தெருவுக்குப் போய் நீளமான திருகாணிகள் வாங்கிவந்தார். ஆழத்தில் மிச்சமிருக்கும் மரையையாவது அது பிடிக்கும் என்பது அவர் யோசனை. துளை மோட்டாருக்கு உள்ளேவரை போகிறது என்பதை மறந்துவிட்டார். நீளத் திருகாணி உள்ளே சுற்றியிருந்த கம்பியில் போய் முட்டி, மோட்டார் உறுமிவிட்டு நின்றது, லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. பதறிப்போய்க் கழற்றினார். நல்லவேளை, மோட்டார் சாகவில்லை. அடுத்து ஒரு பசை. பசை போட்ட கார் தெருமுனைவரை ஜோராகப் போயிற்று. மோட்டார் சூடானதும் பசை இளகி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் மோட்டார் தனியாகக் கழன்று தரையில் உருண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் வாசலில் நின்ற அவரைப் பார்த்துக் கத்தினேன். "மாமாட்ட குடுத்திருந்தா அன்னைக்கே சரி பண்ணிருப்பாவ!"

இவ்வளவு நாளில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அப்பா தெருவில் இறங்கி வந்து, உருண்டு கிடந்த மோட்டாரை எடுத்து, கைலியில் மண்ணைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போ தாயி. மாமாட்ட குடு."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெற்றி வெற்றி என்று கொட்டகைக்கு ஓடினேன்.

மாமா யாருடைய தறிச் சாமானையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நான் வாங்கிய மூச்சைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டு, மோட்டாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடித் துளைக்குள் பார்த்தார். அவர் கை தன்னால் மேஜையின் இழுப்பறைப் பக்கம் போயிற்று. மரை வெட்டும் கருவிகளைச் சின்னதிலிருந்து பெரியதுவரை அங்கேதான் எண்ணெய்த்துணியில் சுற்றி வைத்திருப்பார்.

"இது எப்படிப் போச்சு?"

"அவங்கதான் போட்டு முறுக்கிட்டாவ. ரெண்டையும். அப்புறம் பெரிய திருகாணி போட்டாவ, தீஞ்ச வாடை வந்துச்சு. அப்புறம் பசை போட்டாவ, அதுவும் பிச்சுக்கிட்டு வந்துட்டு."

"யாரு அவங்க?"

நான் கால் பெருவிரலால் தரையில் கிடந்த இரும்புத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ன செய்தாவ ஒங்க அப்பா?"

"வாசல்ல இருக்காவ. போன் பாக்காவ. ஆனா போன்ல வெளிச்சமே வரல."

மாமா இழுப்பறைமேல் இருந்த கையை எடுத்துவிட்டார். மறுபடி மோட்டாரைப் பார்த்தார். அதில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நம்மளால ஆகாது தாயி."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நீங்கதான மரை வெட்டுவீங்க?"

"அது தறிக்கு. இது குட்டி மரை. நமக்கு எங்கன தெரியுது?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, ஒங்க அப்பாட்டயே குடுப்போம்."

அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது அழுகையாக வந்தது. கார் போனதற்கான அழுகை கொஞ்சம்தான். என் மாமாவால் ஆகாத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாமா மோட்டாரை அவரிடம் நீட்டினார்.

"அத்தான், இது எனக்குச் சரிப்படாது. நீங்கதான் பாக்கணும்."

"நீ பாத்தா முடிஞ்சிரும் மாப்ளே. நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

"இல்லத்தான். நான் இரும்புல போட்டுக் குடைஞ்சே பழகிட்டேன். இதுல குடைஞ்சா, தூளு உள்ள போயி மோட்டாரே காலியாயிரும். நீங்க குழாய் மரையில சணல் சுத்தி முறுக்குவீங்கள்லா? அந்த மாதிரி கைப்பக்குவம் வேணும் இதுக்கு. அது எனக்கு வராது."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா எங்கள் வீட்டு மின்மீட்டரைப் பார்த்தார். மீட்டரில் அப்படி என்ன இருந்தது என்று நானும் பார்த்தேன், வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"சணலு..." என்றார் அப்பா, மெதுவாக. அப்புறம், "சணல் தீஞ்சிருமே. கம்பி சுத்தலாம்" என்றார். குரலே வேறாக இருந்தது. "ஏட்டி, அந்தப் பழைய சார்ஜர் ஒயரு எங்க கெடக்கு?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம்பியைப் பின்னால் அழைத்துப்போய், "ஏலே, நெசமாவே ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"காப்பி இருக்காக்கா?" என்றார் மாமா.

அப்பா மறுபடியும் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒயரைக் கீறி உள்ளே இருந்த செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் உருவினார். தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது. அதைத் திருகாணியின் மரையில் சுற்ற வேண்டும். ஆனால் அவர் விரல்கள் தடிமனானவை, ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"இந்த நுனிய மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கிடுதியா?"

அம்மா காப்பிக்குப் போய்விட்டாள், மாமா பின்கட்டில். கேட்டது என்னைத்தான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. நகர்ந்து போய் நுனியைப் பிடித்தேன். அப்போதுதான் அவர் கைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். போனில் கைகள் வந்ததே இல்லை. நகங்களின் ஓரம் கறுத்து, ஒரு விரலின் நுனி கொஞ்சம் சப்பையாகி, உள்ளங்கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகளாக இருந்தன. அந்தக் கைகளால் அந்த இழையை அவ்வளவு பதமாகச் சுற்றினார்.

"திருகாணி எந்தப் பக்கமா திரும்பி உள்ள போகுதோ, அதே பக்கமாத்தான் சுத்தணும். எதிர்ப்பக்கமாச் சுத்தினா முறுக்கும்போது அவிழ்ந்துரும். பாத்தியா?"

"ம்."

"எல்லாப் பள்ளத்துலயும் கெடக்கணும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது."

"இந்தா ஏறிட்டு."

"அட, ஆமா." அவிழ்த்து மறுபடி சுற்றினார். மிச்சத்தை என்னையே கத்தரிக்கச் சொன்னார். துணுக்கு மோட்டாருக்குள் விழுந்துவிடக் கூடாது என்று அதை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பிறகு திருகாணியைத் துளையில் வைத்து, இந்தத் தடவை திருப்புளியைக் கைப்பிடியாகப் பிடிக்காமல் இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். செம்பு துளைக்குள் நசுங்கி இடுக்குகளை அடைத்துக்கொள்ள, திருகாணி பிடித்தது. அப்பா சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன் நான்.

"வேண்டாம் தாயி. இது போதும்ன்னு சொல்லுது."

இரண்டாவது திருகாணிக்கு நானே சுற்றினேன். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

கார் தெருவில் ஓடியது. தெருமுனைவரை போயிற்று, திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மோட்டார் சூடானது, ஆனாலும் கழலாமல் நின்றது. நான் கத்திக்கொண்டே காரின் பின்னால் ஓடினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். "அப்பா, ஓடுது! அப்பா, இங்கன வாங்க, ஓடுது!" என்று கத்தினேனாம். பால் பொங்கி அடுப்பை அணைத்தது தெரியாமல் அம்மா நின்றுவிட்டாளாம். காப்பிக்காகக் காத்திருந்த மாமா, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகவே போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களை நான் எண்ணவில்லை, அப்பா எண்ணியிருப்பார். கடை, கோவில், பஸ் ஸ்டாண்டு என்று அவர் போன இடத்துக்கெல்லாம் நானும் போனேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவருக்கு இடம் கொடுத்தேன், அதுவும் பெரிய மனது பண்ணி. தபசுக் காட்சியன்று ரதவீதியில் மண்ணைப் போட்டால் மண் விழாத கூட்டம். அதற்கு முந்தைய வருஷங்களில் மாமா தோளில் உட்கார்ந்து அம்மன் சப்பரத்தைப் பார்த்தவள் நான். அந்த வருஷம் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அவர் முடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது மாமா எங்களுக்குப் பின்னால் நெரிசலில் நசுங்கிக்கொண்டு வந்தார். என் செருப்புகள் அவர் கையில் இருந்தன.

அப்பா கிளம்பிய அன்று நான் அழுத அழுகையைத் தெருவே வந்து பார்த்தது. அவரும் அழுதார். "இவ்வளவு ஒட்டிக்கிட்டாளே, இனி இவள எப்படிச் சமாளிக்க?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

அப்பாவை வழியனுப்பிவிட்டு வந்த மாமாவிடம் நான் ரொம்பத் தெளிவாகச் சொன்னேன். "மாமா, ஒங்களுக்குத் தறி மட்டும்தான் தெரியும். எங்க அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும்." மாமாவுக்கு அது எதற்கு அவ்வளவு பிடித்துப்போயிற்றோ, டீக்கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எங்க அக்கா மக என்ன சொல்லுதா தெரியுமா வே?" என்று ஆரம்பித்துவிடுவார். அவமானப்பட்ட ஆள் இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எது உடைந்தாலும் அப்பாவுக்கு என்று எடுத்துவைத்தேன். டார்ச் லைட், குடை, வாய் திறக்காத ஜாமெட்ரி பாக்ஸ். மாமா தெரியாத்தனமாகக் கையில் எடுத்தால், "தொடாதீங்க, கெடுத்துராதீங்க. அப்பா வந்து பாப்பாவ" என்பேன். அவரும் பயபக்தியோடு கீழே வைத்துவிடுவார். மறு வருஷம் என் சைக்கிளின் பிரேக் கட்டை கழன்று விழுந்தது. அதையும் அப்பாதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இடம் இல்லை என்று மாமா கொட்டகையிலேயே ஓர் ஓரமாக அதை நிறுத்திவைத்தார். தினமும் துணியால் துடைப்பார், காற்று இறங்கினால் அடிப்பார், பிரேக்கை மட்டும் தொடமாட்டார். என்னை மொபெட்டில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊரார் தறிகளையெல்லாம் சரிபார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே போய், அப்பாவுக்குச் சைக்கிளைக் காட்டினேன்.

"இது என்ன தாயி, ரொம்ப நாளா நிக்குதா? மாமாட்ட குடுத்துச் சரி பண்ண வேண்டியதுதான?"

"மாமாவுக்கு அதெல்லாம் தெரியாதுப்பா."

சைக்கிளுக்குப் பக்கத்தில், போனில் தெரியும்படி, மாமா அப்போது ஒரு தறி இரும்பைப் பிடியில் மாட்டி, புதிதாக மரை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"ஆமாத்தான். நமக்கு எங்கன தெரியுது? நீங்க வந்தாத்தான் ஆகும்."

போனில் அப்பாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் அசையவில்லை, கண் இமைக்கவில்லை. பின்னால் கட்டில் கம்பியில் கிடந்த பனியன் மட்டும் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் நெட் போய்விட்டது என்று நினைத்து, "அப்பா, கேக்குதா? அப்பா?" என்று போனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.